அடைக்கலம் தந்த அன்னை

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர் சாவித்திரிபாய். ஒன்பதாவது வயதில், புனேயைச் சேர்ந்த பதின்மூன்று வயது ஜோதிராவ் பூலேவுக்கு மனைவியானார். எழுத்தறியாமல் புகுந்த வீட்டுக்கு வந்தவருக்குக் கணவரே முதல் ஆசிரியர். 1848-இல் புனேயின் பிடே வாடாவில் அவர்கள் தொடங்கிய பெண்கள் பள்ளியைப் பற்றிப் பலரும் அறிவர். பாடம் நடத்தச் செல்லும் வழியில் அவர்மீது சாணமும் சேறும் வீசப்பட்டதும், மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையை அவர் கையோடு எடுத்துச் சென்றதும் அடிக்கடி சொல்லப்படுபவை. அதே தம்பதியர் செய்த மற்றொரு தொண்டு அத்தனை பேசப்படுவதில்லை. பேசுவதற்குக் கூச்சம் தரும் விஷயம் என்று நம்மவர் கருதியது காரணமாக இருக்கலாம்.

அக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் கணவனை இழந்த சிறுமிகள் உயர்குலத்து இல்லங்களில் ஏராளமாக இருந்தனர். தலை மழிக்கப்பட்டு, மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்டு, வீட்டு வேலைகளிலேயே அவர்களுடைய வாழ்நாள் கழிந்தது. விதவை மறுமணம் செல்லும் என்று 1856-இல் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் ஏறியதே தவிர, வீட்டுக்குள் நுழையவில்லை. காக்க யாருமற்ற அந்த இளம் பெண்களை உறவினரும் அண்டை வீட்டாருமே கெடுத்ததுண்டு. கருவுற்றால் பழி முழுவதும் அவளுக்கு. கிணறோ ஆறோதான் அவளுக்குத் தெரிந்த புகலிடம்.

ஜோதிராவின் நண்பர் சதாசிவ பல்லாள் கோவண்டே என்பவரது வீட்டில் காசிபாய் என்ற இளம் அந்தண விதவை சமையல் வேலை செய்துவந்தார். நல்ல குடும்பத்துப் பெண், ஒழுக்கமானவர். பக்கத்தில் வாழ்ந்த ஒரு சாஸ்திரி அவரைத் தொடர்ந்து வற்புறுத்தி இணங்கவைத்தார். கற்ற சாஸ்திரம் அவரைத் தடுக்கவில்லை. காசிபாய் கருவுற்றதும், கருவைக் கலைக்க மருந்துகளை உண்ணும்படி தூண்டியவரும் அவரே. மருந்துகள் பலிக்கவில்லை. ஆண் குழந்தை பிறந்தது. அவமானத்துக்கு அஞ்சிய தாய் அதைத் தம் கையாலேயே கொன்று, வீட்டின் பின்புறக் கிணற்றில் போட்டுவிட்டார். இரண்டு நாளில் விஷயம் வெளிப்பட்டது. புனே செஷன்ஸ் நீதிமன்றம் அவரை ஆயுள் முழுவதற்கும் நாடு கடத்தத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது என்றே கொள்வோம். கொலை கொலைதான். ஆயினும், தண்டனைக்கு உரிய செயலில் இருவருக்குப் பங்கிருக்க, ஒருத்தி மட்டுமே கடல் கடந்து போக நேர்ந்ததை எந்தத் தர்மத்தோடு பொருத்திப் பார்ப்பது? சாவித்திரிபாயும் ஜோதிராவும் அந்த வினாவோடு நின்றுவிடவில்லை. அடுத்து இந்நிலைக்கு வரப்போகும் பெண் எங்கே போவாள் என்று எண்ணினர். 1863-இல் தங்கள் வீட்டு வளாகத்திலேயே பாலஹத்யா பிரதிபந்தக கிருஹத்தை, அதாவது சிசுக்கொலையைத் தடுக்கும் இல்லத்தைத் தொடங்கினர்.

அறிவிப்புகள் அச்சிடப்பட்டு அந்தணர் வாழும் தெருமுனைகளில் ஒட்டப்பட்டன. கருவுற்ற விதவைகள் இங்கே வந்து ரகசியமாகவும் பத்திரமாகவும் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். குழந்தையை உடன் எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் அவரவர் விருப்பம். விட்டுச் செல்லும் குழந்தையை இல்லம் பராமரிக்கும் என்பது அவற்றின் சாரம். பூலே தம்பதியர் தோட்டக்கார வகுப்பினர். பெண்கள் பள்ளிக்கு எந்தச் சமூகத்தாரிடமிருந்து பெரிதும் எதிர்ப்பு வந்ததோ, அதே சமூகத்துப் பெண்களுக்காக அந்தக் கதவு திறந்து வைக்கப்பட்டது. வந்தவர்களைப் பேணும் பொறுப்பு சாவித்திரிபாயுடையது. பேறுகாலப் பணிவிடையிலிருந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது வரை அவரே முன்நின்று செய்தார்.

பலன் என்ன? 1884 டிசம்பரில் ஜோதிராவ் எழுதிய குறிப்பொன்றில் அந்தக் கணக்கு இருக்கிறது. அதுவரை இல்லத்துக்கு வந்து குழந்தை பெற்ற விதவைகள் 35 பேர். உயிரோடிருந்த குழந்தைகள் 5. மற்ற 30 குழந்தைகளும் இறந்துபோயின. கருவை மறைக்கத் தாய்மார் முன்பே உண்ட நச்சு மருந்துகள் கருப்பையிலேயே அவற்றைச் சிதைத்திருந்தன என்பது அவர் கூறும் காரணம். இல்லம் இருப்பது தெரிந்தும், எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே அந்தப் பெண்கள் அங்கே வந்திருக்கிறார்கள் போலும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலும் இறக்கப்போகும் சிசுக்களையே கையில் ஏந்த வேண்டியிருந்தது சாவித்திரிபாய்க்கு. வெற்றியை எண்ணித் தொண்டு செய்பவராக இருந்திருந்தால் அந்த இல்லம் நெடுநாள் நடந்திராது.

பிழைத்தவர்களில் ஒரு குழந்தையை அவர் தம் மகனாகவே ஏற்றார். 1874-இல் தற்கொலை எண்ணத்தோடிருந்த ஓர் அந்தண விதவையை ஜோதிராவ் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவருக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு யஷ்வந்த் என்று பெயரிட்டுத் தத்தெடுத்தனர். தம்பதியருக்கு வேறு பிள்ளை இல்லை. பிள்ளைப்பேறு வேண்டி மறுமணம் செய்துகொள்ளும்படி உறவினர் வற்புறுத்தியபோது ஜோதிராவ் மறுத்திருந்தார். யஷ்வந்த் படித்து மருத்துவரானார். விதவைக்குப் பிறந்தவர் என்பதால் பெண் தரத் தயங்கிய சமூகத்தில், 1889-இல் சாசனே குடும்பத்துப் பெண்ணான ராதா அவருக்கு மனைவியாக அமைந்தார்.

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் மறைந்தார். தத்துப் பிள்ளை இறுதிச் சடங்கு செய்வதை உறவினர் எதிர்த்தனர். சச்சரவு வளரும் முன் சாவித்திரிபாய் எழுந்து, தீச்சட்டியைத் தம் கையில் ஏந்தி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். கணவரின் சிதைக்கு அவரே தீ மூட்டினார். ஒரு விதவை அவ்வாறு செய்வதை அந்த ஊர் அதற்குமுன் கண்டிருக்குமா என்பது ஐயமே.

1897-இல் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியபோது யஷ்வந்த் நகருக்கு வெளியே நோயாளிகளுக்காக மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அறுபத்தாறு வயதான சாவித்திரிபாய் நோயுற்றவர்களைத் தேடி அழைத்து வந்து மகனிடம் சேர்த்தார். முண்ட்வா ஊருக்கு வெளியே, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் நோயால் துவண்டு கிடந்த சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்தே கொண்டுவந்து சேர்த்தார். அந்நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 இரவு அவர் உயிர் பிரிந்தது.