ஆல்பர்ட் ஹோவார்டு

சர் ஆல்பர்ட் ஹோவார்டு (டிசம்பர் 8, 1873 – அக்டோபர் 20, 1947) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர், மண்வள ஆய்வாளர். 1905 முதல் 1931 வரை இந்தியாவில் பணியாற்றிய இவர், பயிர்க் கழிவுகளையும் சாணத்தையும் கொண்டு ஏறத்தாழ மூன்று மாதங்களில் மக்கிய உரம் தயாரிக்கும் இந்தூர் முறையை உருவாக்கினார். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். வேதி உரங்களின் எதிர்ப்பாளர் என்றே பல இடங்களில் இவர் அறிமுகப்படுத்தப்படுகிறார். அவ்வடையாளம் பெரும்பாலும் அவருடைய இறுதிப் பத்தாண்டுகளுக்கு உரியது. அதற்கு முந்திய காலத்தில் அவர் கோதுமை, அவுரி, புகையிலை, பருத்தி ஆகியவற்றின் வேர்களைத் தோண்டி ஆராய்ந்த பயிர் அறிவியலாளர் ஆவார்.

இளமையும் கல்வியும்

ஹோவார்டு இங்கிலாந்தின் சிராப்சயர் மாவட்டத்திலுள்ள பிசப்ஸ் காசில் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இலண்டன் ராயல் அறிவியல் கல்லூரியிலும் கேம்பிரிட்ச் புனித யோவான் கல்லூரியிலும் பயின்றார். 1899 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பார்படோசில் கரும்பு முதலிய பயிர்களைத் தாக்கும் பூசண நோய்களை ஆராய்ந்தார். அங்கு அவரிடம் நுண்நோக்கி இருந்தது. பயிரிட்டுப் பார்க்க நிலம் இல்லை. தான் சொல்லும் மருந்தைத் தானே ஒரு வயலில் சோதிக்க இயலாத நிலை அவரை உறுத்தியது. 1903 முதல் 1905 வரை இங்கிலாந்தின் வை வேளாண் கல்லூரியில் தாவரவியலாளராக இருந்தார்.

பூசாவில்

1905 இல் பீகாரின் பூசாவில் புதிதாக நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு, இந்திய அரசின் பொருளியல் தாவரவியலாளராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் கேப்ரியல் மத்தாய் என்னும் தாவரவியலாளரை மணந்தார். கேப்ரியல் (1876–1930) கேம்பிரிட்சில் பிளாக்மன் என்பவருடன் இணைந்து, ஒளிச்சேர்க்கையில் வெப்பநிலையின் பங்கை ஆராய்ந்து ஏற்கனவே பெயர் பெற்றிருந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை வகைகள் வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன. 1913 இல் கேப்ரியலுக்கும் அரசு தாவரவியலாளர் பதவி கிடைத்தது. ஹோவார்டைப் பற்றிய குறிப்புகள் பலவற்றில் கேப்ரியல் மனைவி என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறார். அக்காலத்தில் வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இருவர் பெயரிலும் வந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விருவரின் மண் ஆய்வில் முதன்மையானது வேருக்குக் காற்று தேவை என்பதாகும். கங்கைச் சமவெளியின் வண்டல் மண் மழைக்காலத்தில் நீர் தேங்கி இறுகிவிடும். மண்ணின் துளைகளில் உள்ள காற்று வெளியேறினால் வேர்கள் மூச்சடைத்து அழுகும். எவ்வளவு உரமிட்டாலும் பயிர் அதை எடுத்துக்கொள்ளாது. சாவக அவுரி வாடி மடிந்ததற்கு இதையே அவர்கள் காரணமாகக் காட்டினர். இவ்வாறு, நோயைப் பூசணத்திலோ பூச்சியிலோ தேடுவதற்கு முன் மண்ணில் தேடவேண்டும் என்ற முடிவுக்கு ஹோவார்டு வந்தார்.

பூசாவைச் சுற்றியிருந்த உழவர்கள் பூச்சிமருந்தும் வேதி உரமும் இன்றி நலமான பயிர்களை விளைவித்ததை அவர் கவனித்தார். தானியத்துடன் துவரை போன்ற பயறுகளைக் கலந்து விதைக்கும் அவர்களுடைய வழக்கம் மண்ணில் தழைச்சத்தைக் காப்பதை உணர்ந்தார். இந்த உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்கள் என்று பிற்காலத்தில் எழுதினார். காலனிய அரசின் உயர் அலுவலர் ஒருவர் இவ்வாறு எழுதியது அக்காலத்தில் அரிது.

பூசாவில் தாவரவியல், பூசணவியல், பூச்சியியல், வேதியியல் எனத் துறைகள் தனித்தனியே இயங்கின. ஒரு பயிரை விதை முதல் அறுவடை வரை ஒருவரே ஆராய வழியில்லை. இதனால் ஏற்பட்ட பிணக்குகளே அவர் அங்கிருந்து விலகக் காரணமாயின எனலாம்.

இந்தூர் முறை

1924 இல் இந்தூரில் பயிர்த்தொழில் நிறுவனம் ஒன்றை அமைத்து அதன் இயக்குநரானார். இந்திய மத்தியப் பருத்திக் குழுவும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் இதற்கு நிதி அளித்தன. இங்குள்ள நிலம் கரிசல். பருத்தியின் விளைச்சலைக் கூட்டுவதே நிறுவனத்தின் முதற்பணி. ஆயினும், மண் வளமின்றி நல்ல விதையால் மட்டும் பயனில்லை என்பது ஹோவார்டின் கருத்து.

கிராமங்களில் சாணத்தின் பெரும்பகுதி வறட்டியாக அடுப்பில் எரிந்தது. மறுபுறம் பருத்தி மார், களைகள், தழைகள் முதலியன வீணாயின. குறைந்த அளவு சாணத்தைக் கொண்டு இக்கழிவுகளை எவ்வாறு உரமாக்குவது என்பதே அவர் முன் இருந்த கேள்வி. கடினமான பருத்தி மாரைப் பண்ணைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களுக்கும் மாட்டுக் குளம்புகளுக்கும் அடியில் நொறுங்கவிட்டார். நொறுங்கிய கழிவைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக இட்டார். பின்னர் அதைச் சாணம், மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றுடன் அடுக்கடுக்காகக் குழியில் நிரப்பி நீர் தெளித்தார். குவியலின் வெப்பம் முதலில் ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வரை உயரும். காற்றுப் புகுவதற்காகக் குவியலை மும்முறை புரட்டவேண்டும். மூன்று மாதங்களில் கருநிறமான, உதிரும் தன்மையுள்ள உரம் கிடைக்கும்.

கழிவையும் சாணத்தையும் ஏன் கலக்கவேண்டும்? மட்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் நைட்ரசனும் (தழைச்சத்து) சேர்ந்து தேவைப்படுகின்றன. வைக்கோல், மார் போன்றவற்றில் கரிமம் மிகுதி, நைட்ரசன் குறைவு. அவற்றை அப்படியே வயலில் புதைத்தால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரசனை எடுத்துக்கொள்ளும். பயிர் சிலகாலம் பட்டினி கிடக்கும். எனவே ஏறத்தாழ 33க்கு 1 என்ற கரிம-நைட்ரசன் விகிதத்தில் குவியலைத் தொடங்கி, அது 10க்கு 1 என்ற அளவை நெருங்கிய பின் வயலில் இடவேண்டும் என்று ஹோவார்டு கூறினார். இக்கணக்கு இன்றைய பாடநூல்களிலும் சிறு மாறுதல்களுடன் காணப்படுகிறது.

இம்முறையை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று கூறுவது சரியன்று. நிறுவனத்தின் வேதியியலாளர் யஷ்வந்த் வாட் இதில் இணையாக உழைத்தார். 1931 இல் வெளிவந்த நூல் இருவர் பெயரிலும் உள்ளது. கீழை நாட்டு உழவைப் பற்றி எஃப். எச். கிங் 1911 இல் எழுதிய நூல், ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் அட்சின்சனும் ரிச்சர்ட்சும் 1921 இல் வெளியிட்ட வைக்கோல் உர ஆய்வு, பெங்களூரில் ஃபவுலர் செய்த ஆய்வுகள் ஆகியனவும் இதற்கு அடிப்படையாக அமைந்தன.

தோட்டப் பயிர்களில்

கேப்ரியல் 1930 இல் காலமானார். அடுத்த ஆண்டு ஹோவார்டு ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, கேப்ரியலின் தங்கை லூயிசை மணந்தார். 1934 இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தூர் முறை கென்யாவின் காப்பித் தோட்டங்களிலும், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் தேயிலைத் தோட்டங்களிலும் பரவியது. 1935 இல் காந்தி இந்தூர் நிறுவனத்திற்கு வந்து உரம் தயாரிப்பதைப் பார்வையிட்டார். 1937–38 இல் ஹோவார்டு தேயிலைத் தோட்டங்களை நேரில் கண்டார். மக்கிய உரமிட்ட செடிகளின் வேர்களில் மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூசணம் செழித்திருந்தது அவரைக் கவர்ந்தது.

உணவும் உடல்நலமும்

மண்ணின் நலம் பயிர் வழியாகக் கால்நடைக்கும் மனிதருக்கும் செல்கிறது என்பது ஹோவார்டின் பிற்காலக் கொள்கை. இதற்கு அவர் பெரிதும் துணைகொண்டது தமிழ்நாட்டின் குன்னூரில் உணவூட்ட ஆய்வு செய்த மருத்துவர் இராபர்ட் மக்காரிசனின் பணியாகும். மக்காரிசனும் கோயம்புத்தூரின் அரசு வேளாண் வேதியியலாளர் விசுவநாத்தும் தொழுவுரம் இட்டும் வேதி உரம் இட்டும் விளைந்த தானியங்களின் ஊட்டத்தை ஒப்பிட்டு 1926 இல் கட்டுரை வெளியிட்டனர். தொழுவுரத் தானியமே மேலானது என்பது அவர்கள் முடிவு.

விமர்சனங்கள்

1940 இல் வெளிவந்த ஆன் அக்ரிகல்ச்சரல் டெஸ்டமென்ட் (வேளாண் சாசனம்) ஹோவார்டின் புகழ்பெற்ற நூல். தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கணக்கிட்டு இடுவது மட்டுமே பயிரூட்டம் ஆகாது என்று அதில் வாதிட்டார். நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்திற்கே திருப்பவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஆனால் ரோதாம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனையில் வேதி உரமிட்ட பாத்திகளும் தொழுவுரப் பாத்திகளுக்கு ஈடாக நீண்டகாலம் விளைந்தன. இச்சோதனையை ஹோவார்டு குறைகூறினாரேயன்றி, அதற்கு ஈடான ஒப்பீட்டுச் சோதனையை நடத்தவில்லை.

பூசாவில் அவருடைய காளைகள் கோமாரி கண்ட பக்கத்து மாடுகளுடன் மூக்கை உரசியும் நோய்ப்படவில்லை என்பது அவர் அடிக்கடி கூறிய சான்று. நல்ல தீவனமே காரணம் என்றார். ஒப்பிடுவதற்கு வேறொரு மந்தை இல்லாததால் இதை ஆய்வு முடிவாகக் கொள்ள இயலாது. வேர்ப்பூசணம் செடிக்குப் புரதம் தருகிறது என்ற அவருடைய விளக்கமும் நிலைக்கவில்லை. பெரும்பாலான பயிர்களில் அது மண்ணிலுள்ள மணிச்சத்தைத் திரட்டித் தருவதே முதன்மையான பணி என்பது பின்னர் தெளிவானது. எனினும், பயிரூட்டத்தில் மண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்ற அவருடைய அடிப்படைக் கருத்து இன்று மண்ணறிவியலில் ஏற்கப்பட்ட ஒன்று.

இறுதிக்காலம்

அமெரிக்காவில் ரோடேல் 1942 இல் தொடங்கிய இயற்கை வேளாண் இதழில் ஹோவார்டு இணை ஆசிரியராக இருந்தார். இங்கிலாந்தில் 1946 இல் அமைந்த மண் சங்கத்தில் அவர் சேரவில்லை. தனியாக ஓர் இதழை நடத்தினார். 1947 இல் இலண்டனில் காலமானார். லூயிசு ஹோவார்டு 1953 இல் வெளியிட்ட நூல், அவருடைய இந்திய ஆய்வுகளைப் பயிர்வாரியாகத் தொகுத்துக் கூறுகிறது. தம் அக்காள் கேப்ரியலின் பங்கையும் அதில் பதிவு செய்துள்ளார். இந்தூர் நிறுவனம் இருந்த வளாகம் பின்னாளில் வேளாண் கல்லூரியாயிற்று.