கிராமத்துக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்

1929-ம் ஆண்டு மே மாதம். ஆமதாபாத் நகருக்கு அருகே, சபர்மதி ஆற்றங்கரை.

நல்ல வெயில். மேல்நாட்டு உடை அணிந்த ஒருவர், கையில் தடியுடன் ஆசிரமத்துக்குள் நடந்து வந்தார். வயது 37. பம்பாயில் பெயர் பெற்ற ஆடிட்டர். காந்தி அடிகளைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுத்து இருந்தார்கள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வழியில் ஒரு மரம். மரத்தடியில் சாணம் மெழுகிய தரை. அதில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டு இருந்தார். ஆடிட்டர் தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சில நிமிடங்கள் கழிந்தன. கிழவர் தலை நிமிர்ந்தார். பொக்கை வாயால் சிரித்தார். நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டார்.

அந்தக் கிழவர்தான் காந்தி!

ஆடிட்டர் திகைத்துப்போனார். பிறகு, பட்டுத்துணிக் கால்சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளின் மிச்சம் முழுவதும் அவர் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அவர்தான் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூர்த் தமிழர்.

லண்டன் படிப்பு

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது அவர்கள் குடும்பத்தின் பழைய பெயர். பிற்காலத்தில் அதையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார்.

தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை. மகனை லண்டனுக்கு அனுப்பிக் கணக்குத் தணிக்கை படிக்க வைத்தார்கள். படித்து முடித்துவிட்டு, அங்கேயே வேலையும் பார்த்தார். பிறகு பம்பாய்க்கு வந்து, ஒரு கூட்டாளியுடன் சொந்தத்தில் ஆடிட் கம்பெனி வைத்தார். வருமானம் நன்றாக வந்தது. உடையிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரர் போலவே வாழ்ந்தார். இந்த நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்ற எண்ணம் அப்போது அவர் மனதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணம் வந்தது அமெரிக்காவில்!

1927-ல் அமெரிக்கா போனார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ஒரு மாதா கோவில் கூட்டத்தில், இந்தியா ஏன் ஏழை என்பது பற்றிப் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ச்சி செய்யும்படி குமரப்பாவிடம் சொன்னார்.

ஆடிட்டர் ஆயிற்றே! பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு-செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரி கட்டுகிறவன் யார்? குடியானவன். செலவு எதற்கு? பட்டாளத்துக்கு, கடனுக்கு வட்டி கட்ட, பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கு. குடியானவனுக்குத் திரும்பி வந்தது மிகக் கொஞ்சம். கணக்கைப் பார்க்கப் பார்க்க, பம்பாய் ஆடிட்டரின் மனம் மாறிக்கொண்டே போனது.

அந்த ஆராய்ச்சியை அச்சிடுவது பற்றிப் பேசத்தான் அவர் சபர்மதிக்குப் போனார். காந்தி அடிகள் அதைத் தம் பத்திரிகையில் தொடர்ந்து வெளியிட ஒப்புக்கொண்டார். ஆனால் கையோடு வேறு ஒரு வேலையையும் கொடுத்தார்.

54 கிராமங்கள்

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாத்தர் என்று ஒரு தாலுகா. அங்கே போய்க் கிராமங்களின் கணக்கை எடுத்து வாருங்கள் என்றார் காந்தி. கம்பெனிக் கணக்குப் பார்த்தவருக்குக் குஜராத்தி தெரியாது. கிராமமும் தெரியாது. ஆனாலும் கல்லூரி மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

54 கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எவ்வளவு கடன், என்ன விளைகிறது, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எல்லாம் எழுதினார்கள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதும் கணக்கு வேறு, குடிசை வாசலில் நின்று எழுதும் கணக்கு வேறு என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதற்குள் உப்பு சத்தியாக்கிரகம் வந்துவிட்டது. காந்தி சிறைக்குப் போனார். அவருடைய பத்திரிகையில் எழுதும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. எழுதினார். சிறைக்கும் போனார். அது முதல் தடவை. கடைசி தடவை அல்ல.

காந்திக்கும் கணக்கு

1934 ஜனவரி 15-ந்தேதி பீகாரில் பயங்கர நிலநடுக்கம் ஏற்பட்டது. நிவாரண நிதிக்கு நாடெங்கும் இருந்து பணம் குவிந்தது. அந்தப் பணத்துக்குக் காவல் குமரப்பா. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணாதான் என்று விதித்தார்.

காந்தி அடிகள் தம் கூட்டத்தாருடன் பீகாருக்கு வந்தார். அவர்கள் சாப்பாட்டுச் செலவுக்கு நிதியில் இருந்து பணம் தர முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று குமரப்பா சொல்லிவிட்டார்! கூட இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. நிலநடுக்கத்தில் வீடு இழந்தவனுக்கு வந்த காசு அல்லவா?

அதே ஆண்டின் கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. வார்தா நகரில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் நடந்தது. காந்தி வழிகாட்டி. காரியதரிசியாக அவர் தேர்ந்து எடுத்தது குமரப்பாவைத்தான்.

மகன் தீபம்

மகன்வாடியில் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். செக்கில் எண்ணெய் ஆட்டுவது, கையால் காகிதம் செய்வது, நெல் குத்துவது, தேனீ வளர்ப்பது, பனைவெல்லம் காய்ச்சுவது. பட்டணத்துப் படிப்பாளிகள் சிரித்தார்கள்.

ஒரு விளக்கைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அதன் பெயர் மகன் தீபம். மண்ணெண்ணெய்க்குப் பதில், விதைகளில் இருந்து ஆட்டிய எண்ணெயில் எரியும் விளக்கு. மண்ணெண்ணெய் மலிவு, இதற்கு எதற்குச் சிரமம் என்று எவரும் கேட்பார்கள். குமரப்பாவின் பதில் ஒரு கணக்கு.

குதிரில் நெல் இருக்கிறது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் ஒரு நாள் தீர்ந்துவிடும். ஊற்றுக் கேணியில் தண்ணீர் இருக்கிறது. அளவோடு இறைத்தால் மறுநாளும் ஊறும். பூமிக்கு அடியில் உள்ள நிலக்கரி, மண்ணெண்ணெய், இரும்பு எல்லாம் குதிர் நெல் போல. எடுத்தால் குறையும். செடி, மரம், மாடு, மனித உழைப்பு எல்லாம் ஊற்று போல. ஒரு நாடு குதிரை நம்பியே வாழ்ந்தால், குதிர் காலியாகும்போது அடுத்தவன் குதிரில் கை வைக்கும். அதில்தான் யுத்தம் வருகிறது. இதுதான் குமரப்பாவின் கணக்கு. (குதிரும் கேணியும் நாம் சொல்லும் உதாரணம்.)

பனைவெல்லமும் இப்படித்தான். கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். அந்த நிலத்தில் நெல்லோ பருப்போ போடலாம். பனையோ எவரும் உழாத பொட்டலில் தானாக நிற்கிறது. வெல்லத்தைப் பனையில் எடு, நிலத்தைச் சோற்றுக்கு விடு என்றார்.

மாட்டுக்கும் கணக்கு வைத்து இருந்தார். மாடு வைக்கோலைத் தின்று, ஏர் உழுது, சாணமும் போடுகிறது. டிராக்டர் சாணம் போடுமா?

சிறையில் ஒரு புத்தகம்

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். மறுபடியும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபடி இந்தக் கணக்கை எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்பது அதன் தலைப்பின் பொருள்.

வாழும் வழிகளை அதில் அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். ஆட்டைக் கொன்று பிழைக்கும் புலி ஒன்று. தான் வைக்காத மாந்தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு ஒன்று. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை ஒன்று. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ ஒன்று. குஞ்சுக்கு இரை கொடுத்துவிட்டுக் கைம்மாறு கேட்காத தாய்ப்பறவை ஒன்று. தேசங்களும் இப்படித்தான் என்றார். எந்தத் தேசத்தைப் புலி என்று நினைத்தார் என்பதை ஊகிப்பது கடினம் அல்ல!

காந்தி அடிகளுக்குப் புத்தகம் மிகவும் பிடித்துப்போயிற்று. குமரப்பாவைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று பட்டம் கொடுத்துப் பாராட்டினார்.

இந்தப் புத்தகம் வெளிவந்து 42 ஆண்டுகளுக்குப் பின், 1987-ல்தான் ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை உலகம் எங்கும் பரப்பியது. உலக நாடுகள் எல்லாம் எப்படி முன்னேறுவது, முன்னேறும்போது மண்ணையும் தண்ணீரையும் எப்படிக் காப்பது என்பதே அந்தக் குழுவின் கவலை. தஞ்சாவூர்க்காரரின் கவலையும் அதுதான்.

கேட்பார் இல்லை

சுதந்திரம் வந்தது. குமரப்பாவுக்கு நல்ல காலம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

1938-லேயே நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக்குழுவில் அவர் இருந்தார். பெரிய ஆலைகளைப் பற்றித்தான் அங்கே பேச்சு. சில மாதங்களில் விலகிவிட்டார். சுதந்திர இந்தியாவும் அதே பாதையில் போயிற்று. இரும்பு ஆலைகள், பெரிய அணைகள், உரத் தொழிற்சாலைகள்.

காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். உழுகிறவனுக்கே நிலம், ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் நிலம் கூடாது என்று 1949-ல் அந்தக் குழு சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருந்தது. நிலம் இருந்தவர்களிடமே இருந்தது.

குமரப்பாவும் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவார். பழைய நண்பர்கள் மந்திரிகளாக இருந்தார்கள். அவர்களையும் விடவில்லை. கொஞ்சம் பக்குவமாகப் பேசி இருந்தால் நாலு காரியம் நடந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் சொன்னது எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. அவர் மறைந்து சில ஆண்டுகளில், 1965-66-ல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. புது விதையும் ரசாயன உரமும்தான் அந்த நிலையை மாற்றின. செக்கும் ராட்டையும் மாற்றி இருக்குமா? சந்தேகம்தான். ஆனால் அதே உரமும் மோட்டார் பம்பும் வந்த பஞ்சாபில், பிறகு நிலத்தடித் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போயிற்று. ஊற்றுக் கேணியே குதிர் ஆகிவிட்டது.

குருவின் குரு

கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா தே.கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறிய வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் கூடவே இருந்தது.

ஒரு நாள் வினோபா பாவே அவரைப் பார்க்க வந்தார். சுவரில் காந்தி படம் இருந்தது. அதற்கு மேலே இன்னொரு படம். அதில் இருந்தவர் தலைவர் அல்ல, மகான் அல்ல. ஓர் ஏழைக் கிராமவாசி! வினோபா யார் என்று கேட்டார். கீழே இருப்பவர் என் குரு, மேலே இருப்பவர் என் குருவின் குரு என்று குமரப்பா சொன்னார்.

1960-ல் குமரப்பா சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் காலமானார். அன்று தேதி ஜனவரி 30. காந்தி அடிகள் மறைந்த அதே தேதி.

13 ஆண்டுகள் கழித்து, லண்டனில் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறியதே அழகு என்பது அதன் தலைப்பு. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் அதைப் படித்தார்கள். அதில் குமரப்பாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம் ஊரிலேயே பல பேர் அப்போது விசாரித்தார்களாம்.