உறங்கக் கற்றுக்கொண்ட புனிதர்

புனிதர்களை நாம் பெரும்பாலும் அவர்கள் விழித்திருந்த இரவுகளைக் கொண்டே நினைவுகூருகின்றோம். முழந்தாளில் கழிந்த இரவுகளும் உணவின்றிக் கடந்த நாட்களுமே பிரசங்கங்களில் எடுத்துக் கூறப்படுகின்றன. குருக்களாகிய எங்களையும் சேர்த்தே இதனைக் கூறுகின்றேன். இதனாற்றான் போலும், வேலைகளை முடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்திருக்கும் ஒரு தாய், யாராவது வரும் ஓசை கேட்டதும் குற்றம் செய்தவள் போலப் பதறி எழுந்திருக்கின்றாள். உறங்குவதென்று இறைவன் முன்னிலையில் தீர்மானம் எடுத்த ஒரு புனிதரும் நம் திருச்சபையில் இருக்கின்றார். அவர் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில், லொயோலாக் கோட்டையில் 1491ஆம் ஆண்டு பிறந்த அவர், வாலிப வயதில் ஓய்வைத் தாமாகத் தேடியவரல்லர். பீரங்கிக் குண்டு ஒன்றே அதனை அவர்மீது சுமத்தியது. 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, பம்பலூனாக் கோட்டையைப் பாதுகாக்கும் போரில் அவரது கால் முறிந்தது. பிழையாகப் பொருந்திய எலும்பை வைத்தியர்கள் மீண்டும் முறித்துச் சீர்செய்தனர். பல மாதங்கள் படுக்கையிலே கிடந்த அவருக்கு, பொழுதுபோக்காக வீரக் கதைகள் வேண்டியிருந்தன. அந்த வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும் அடங்கிய நூல்கள்தாம். செய்வதற்கு வேறு எதுவுமற்ற அந்த நாட்களிலேதான் இறைவன் அவரோடு பேசத் தொடங்கினார்.

மனம் மாறிய வீரர், போர்க்களத்தின் வேகத்தைத் தவத்திலும் காட்டினார். 1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மொன்செராட் மலையில் மரியன்னையின் திருவுருவத்தின்முன் வாளைக் களைந்துவிட்டு, மன்ரேசா என்னும் ஊரை அடைந்தார். நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலங்கள் முழந்தாளிட்டுச் செபித்தார். பிச்சையெடுத்து உண்டார். தலைமயிரையும் நகங்களையும் வளரவிட்டார். பாவங்களை முழுமையாக அறிக்கையிட்டோமா என்ற ஐயம் வாட்டியபோது, ஒரு ஞாயிறு தொடக்கம் மறு ஞாயிறு வரை எதுவுமே உண்ணாதிருந்தார். ஆன்ம குருவின் கட்டளையே அந்த நோன்பை முறித்தது.

அங்கேதான் நாம் நின்று கவனிக்கவேண்டிய நிகழ்வு நடைபெற்றது. பகல் முழுதும் செபித்தும் பிறருக்கு ஆன்ம உதவி புரிந்தும் களைத்த அவர் இரவில் படுக்கைக்குச் சென்றதும், உயர்ந்த ஞான ஒளியும் ஆறுதலும் அவரது உள்ளத்தை நிறைத்தன. உறங்குவதற்கென ஒதுக்கியிருந்த சொற்ப நேரமும் அதில் கரைந்துபோனது. நாமாயிருந்தால் இதனைப் பேரருளென்று கொண்டாடியிருப்போம். இஞ்ஞாசியாரோ சிந்தித்துப் பார்த்தார். செபத்திற்கென நேரம் குறித்தாயிற்று, எஞ்சிய பகலும் இறைவனுக்கே உரியதாயிற்று. அவ்வாறிருக்க, உறக்கத்தைப் பறிக்கவரும் இந்த இனிமை நல்ல ஆவியிடமிருந்து வருகின்றதா என ஐயுற்றார். அதனை விலக்கிவிட்டு உறங்குவதே நன்று என்னும் முடிவுக்கு வந்தார், அப்படியே செய்தார்.

பக்திக்குரிய எண்ணம் என்பதனாலேயே ஒன்று இறைவனிடமிருந்து வந்ததாகிவிடாது என்பதை, அவர் உறக்கத்தின் வாயிலாகவே அறிந்துகொண்டார். மனமுடைந்து செடியின் கீழ்ப் படுத்த எலியாவிடம் வானதூதர் செபிக்கும்படி கூறவில்லை. அப்பத்தையும் நீரையும் கொடுத்தார், மீண்டும் உறங்கவும் விட்டார். நம் ஆண்டவரும் புயலடித்த படகிலே தலையணைமீது உறங்கினாரன்றோ?

ஆயினும் இந்த ஞானம் உடலைக் காக்கச் சற்றுப் பிந்தியே வந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அவர் கடும் நோயுற்றார். அவரைப் பராமரித்த பெண்கள், தடித்த துணியாலான பழுப்புநிற மேலாடைகள் இரண்டையும் தொப்பியையும் பாதணியையும் அணியும்படி அவரை வற்புறுத்தினர். பெருந்தவசி அதற்கும் கீழ்ப்படிந்தார். பாரிஸ் நகரில் கற்ற காலத்திலும் வயிற்றுவலி அவரை விடவில்லை. வைத்தியர்களின் ஆலோசனைப்படி 1535இல் சொந்த ஊரின் காற்றைத் தேடிச் செல்ல நேர்ந்தது. அவரது மரணத்தின் பின் உடலைத் திறந்து ஆராய்ந்த உடற்கூற்று அறிஞர் றெயால்டோ கொலம்போ, சிறுநீரகம், ஈரல் முதலிய உறுப்புக்களில் ஏராளமான கற்களைக் கண்டார்.

1540ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி இயேசு சபை பாப்பரசரின் அங்கீகாரத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதன் தலைவராகத் தெரிவான இஞ்ஞாசியார், தம்மிடம் வந்த இளைஞர்களைத் தாம் நடந்த முட்பாதையில் நடக்கவிடவில்லை. சபையின் ஒழுங்குநூலில் உறக்கத்திற்கு ஆறு அல்லது ஏழு மணித்தியாலம் அளவாக விதிக்கப்பட்டது. உணவின் பின், சிறப்பாகக் கோடைகாலத்தில், உடலையோ மூளையையோ வருத்தும் வேலை கூடாது என்றும் எழுதிவைத்தார். செப நேரத்தைக் கூட்டித் தரும்படி சிலர் கேட்டபோது அவர் இணங்கவில்லை.

காண்டியாவின் கோமகனும் பிற்காலத்தில் புனிதருமான பிரான்சிஸ் போர்ஜியா அக்காலத்தில் கடும் நோன்பினால் மெலிந்துகொண்டிருந்தார். 1548ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவருக்கு எழுதிய கடிதத்தில், செபத்திற்கும் ஒறுத்தலுக்கும் செலவிடும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்படி இஞ்ஞாசியார் பணித்தார். இரத்தம் வரும்படி சாட்டையால் அடித்துக்கொள்வதை நிறுத்தவேண்டும், நன்றாக உண்ணவேண்டும். ஆன்மாவைப் போலவே உடலும் இறைவனுடையது, அதற்கும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதே அவர் தந்த விளக்கம்.

உரோமையிலே சபையின் கல்லூரி கடனில் தத்தளித்த 1550களின் நடுப்பகுதியில், நகரின் ஓரத்தில் புனித பல்பீனா ஆலயத்தின் அருகே திராட்சைத் தோட்டம் ஒன்றை வாங்கி, வீடும் அமைத்தார். மாணவர்கள் புத்தகங்களை மூடிவிட்டு இளைப்பாறுவதற்காகவே அது வாங்கப்பட்டது. உணவுக்கே வழியில்லாதபோது தோட்டம் எதற்கு என்று பலர் முணுமுணுத்தனர். சகோதரரின் உடல்நலம் பணத்திலும் பெரிதென்று அவர் கருதினார். ஞாயிறு காலையிலும் பிள்ளையை ரியூசன் வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் திருப்பலிக்குத் தனியே வரும் பெற்றோர் அந்தத் தோட்டத்தைச் சற்று நினைத்துப்பார்க்கலாம்.

பிறருக்கு இவ்வளவு பரிவு காட்டியவர், தாம் மட்டும் ஓயாது உழைத்தார். அவரது பெயரில் எஞ்சியுள்ள கடிதங்கள் ஏறத்தாழ 7000. இரவில் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு அசையாது அமர்ந்திருக்கும் வழக்கமே அவரது பெரிய இளைப்பாறுதலாக இருந்தது. 1556ஆம் ஆண்டு யூலை மாதத் தொடக்கத்தில், மாணவருக்கென வாங்கிய அந்தத் தோட்ட வீட்டிற்கு நோயாளியாகத் தாமே சென்றார். மாத இறுதியில் நகருக்குத் திரும்பினார்.

யூலை 30, வியாழக்கிழமை மாலை, தம் செயலர் பொலாங்கோவை அழைத்து, பாப்பரசர் நான்காம் பவுலிடம் சென்று தமக்காக ஆசீர் பெற்றுவரும்படி கேட்டார். வைத்தியர்கள் ஆபத்து எதனையும் காணவில்லை. ஸ்பெயினுக்கு அனுப்பவேண்டிய கடிதங்கள் மேசைமீது குவிந்திருந்தன. மறுநாள் செல்லலாமா எனப் பொலாங்கோ கேட்டார். இன்றே சென்றால் நல்லதென்று கூறிய இஞ்ஞாசியார், ஆயினும் முடிவை அவரிடமே விட்டார். பொலாங்கோ கடிதங்களை எழுதி முடித்தார். விடியற்காலையில் இஞ்ஞாசியார் மரணத் தறுவாயில் இருப்பதைக் கண்டு, பாப்பரசரிடம் ஓடினார். ஆசீரோடு அவர் திரும்பி வந்தபோது, இஞ்ஞாசியார் இறைவனில் துயில்கொண்டிருந்தார்.