யார் இந்த கரோல் லம்பார்ட்? 33 வயதில் விமான விபத்து... இன்றும் சிரிக்க வைக்கும் ஹாலிவுட் நாயகி!

கறுப்பு வெள்ளைப் படம்னாலே ஸ்லோவா இருக்கும் என்று ஸ்கிப் செய்பவரா நீங்கள்? 1930-களில் வந்த 'ஸ்க்ரூபால் காமெடி' படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்து விழும். இந்த வகைப் படங்களின் ராணியாகக் கொண்டாடப்படுபவர்தான் கரோல் லம்பார்ட்.

ஸ்க்ரூபால் காமெடி என்றால் என்ன?

பணக்காரப் பெண், காசில்லாத ஆண், ஓயாத வாய்ச்சண்டை, கடைசியில் காதல். பெரும்பாலும் இதுதான் ஃபார்முலா. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த காலம் அது. வேலையில்லாமல் நின்ற மக்கள், பணக்காரர்களின் கிறுக்குத்தனத்தைப் பார்த்து தியேட்டரில் சிரித்தார்கள்.

முகத்தில் தழும்பு

1908-ல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் பிறந்தார். இயற்பெயர் ஜேன் ஆலிஸ் பீட்டர்ஸ். சின்ன வயதிலேயே நடிக்க வந்தவருக்கு, கார் விபத்தில் முகத்தில் காயம். தழும்பு நின்றுவிட்டது. அழகை நம்பியிருந்த துறையில் அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேக் சென்னட்டின் குறும்படங்களில் விழுந்து, புரண்டு நகைச்சுவை கற்றுக்கொண்டார்.

திருப்புமுனை எது?

1934-ல் ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி'. அடுத்து 1936-ல் 'மை மேன் காட்ஃப்ரே'. குப்பைமேட்டில் வாழும் ஒருவரைப் பணக்காரர்கள் விளையாட்டுக்காக விருந்துக்கு அழைத்து வருவதுதான் கதை. இதில் ஹீரோ யார் தெரியுமா? 1933-ல் அவர் விவாகரத்து செய்த கணவர் வில்லியம் பவல்! இருவருக்குமே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

இப்பவும் ஏன் பிடிக்கிறது?

இவர் நடித்த பெண்கள் காதலுக்காகக் காத்து நிற்பதில்லை. அவர்களே துரத்துவார்கள், சண்டை போடுவார்கள், சொதப்புவார்கள். அழகான நாயகி தன்னையே கிண்டலாக்கிக் கொள்ளத் தயங்கவில்லை. ஏழை, பணக்காரர் இடைவெளியும் இன்னும் மாறவில்லையே!

கடைசிப் பயணம்

1939-ல் நடிகர் கிளார்க் கேபிளைத் திருமணம் செய்தார். இரண்டாம் உலகப்போருக்காக, சொந்த மாநிலத்தில் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் போர்ப் பத்திரங்கள் விற்றுக் கொடுத்தார். திரும்பும் வழியில், 1942 ஜனவரி 16 அன்று லாஸ் வேகாஸ் அருகே விமானம் மலையில் மோதியது. அவர், அவருடைய தாய், 15 ராணுவத்தினர் உட்பட 22 பேரும் பலி.

ஹிட்லரைக் கேலி செய்த அவரது கடைசிப் படம் 'டு பி ஆர் நாட் டு பி', அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'மை மேன் காட்ஃப்ரே' போதும். அமெரிக்காவில் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான்.