கிதார் வாசிக்கத் தெரியாத லியோ பெண்டர்

அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. சிறு வயதில் பியானோவும் சாக்சபோனும் கொஞ்சம் பழகினார். அத்தோடு சரி.

ஆனால் கிதார் வாசிக்கிறவர்களில் அவர் பெயரை அறியாதவர் உலகத்திலேயே குறைவு. மேடையில் நிற்கிறவர் கையில் உள்ள கிதாரிலும் அந்தப் பெயர் இருக்கும். அவருக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டியிலும் அந்தப் பெயர் இருக்கும்.

அவர்தான் லியோ பெண்டர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தவர். கூலிக்கு வாசிக்கும் இசைக்குழுக்காரர்களின் கஷ்டத்தைக் கடை வாசலிலேயே கண்டவர். அவர்கள் வாங்கக்கூடிய விலையில், அவர்கள் வேலைக்குத் தாங்கக்கூடிய ஆம்ப்ளிபயரைச் செய்து கொடுத்தவர்.

ஆரஞ்சுத் தோட்டம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில் புல்லர்டன் என்ற ஊர் உண்டு. அதன் அருகே லியோவின் பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தார்கள். அங்கே 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தான்.

8 வயதில் பெரிய துன்பம் வந்தது. ஒரு கண்ணில் கட்டி வந்து, அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். பின்னாளில் அவர் செய்த நுணுக்கமான வேலை எல்லாம் ஒற்றைக் கண்ணால் செய்ததுதான்.

மாமா முறை உள்ள ஒருவர் மோட்டார் கார்களுக்கு மின்சார வேலை செய்யும் கடை வைத்திருந்தார். அவர் ஒரு பெட்டி நிறைய பழைய ரேடியோ சாமான்களைச் சிறுவன் லியோவுக்கு அனுப்பி வைத்தார். மறு ஆண்டு லியோ அவர் கடைக்கே போனான். அங்கே மாமா தன் கையால் செய்த ரேடியோ ஒன்று இருந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று சங்கீதம் வந்தது. அந்த ஓசை பையன் மனத்தில் பதிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் ரேடியோக்களைப் பிரிப்பதும் பூட்டுவதுமே அவன் பொழுதுபோக்கு ஆயிற்று.

வேலை போயிற்று

1928-ல் லியோ உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரியில் அவர் படித்தது மின்சாரப் படிப்பு அல்ல, கணக்குப் படிப்பு. படித்ததும் ஐஸ் கம்பெனி ஒன்றில் ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. பிறகு அங்கேயே கணக்கப்பிள்ளை ஆனார்.

அப்போது உள்ளூர் இசைக்குழுத் தலைவர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். நடன விருந்துகளில் வைப்பதற்கு மைக்கும் ஆம்ப்ளிபயரும் வேண்டும் என்று கேட்டார். லியோ 6 செட்டுகள் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். ரேடியோ பைத்தியம் முதன்முதலாகக் காசு கொடுத்தது.

1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். அரசாங்கச் சாலை இலாகாவில் கணக்கர் வேலைக்குப் போனார். அது பெரும் பொருளாதார மந்த காலம். அமெரிக்கா முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வேலையை இழந்து தவித்தார்கள். லியோவின் வேலையும் போயிற்று. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அங்கிருந்த கணக்கர்கள் எல்லோருக்கும் சீட்டுக் கிழிந்தது.

இனி யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று லியோ முடிவு செய்தார். 1938-ல் 600 டாலர் கடன் வாங்கினார். புல்லர்டனுக்குத் திரும்பி வந்து ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

கடையே பள்ளிக்கூடம்

கடைக்கு ரேடியோக்கள் வந்தன. கூடவே இசைக்குழுக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே குறை. கிதார் காதில் விழவில்லை!

கிதார் மெல்லிய குரல் உள்ள வாத்தியம். வீட்டில் வாசித்தால் இனிமை. நடன மண்டபத்தில் டிரம் முழங்கும், எக்காளம் ஊதும். நூற்றுக்கணக்கான கால்கள் தரையைத் தட்டும். அந்தச் சத்தத்தில் கிதார் ஓசை மூழ்கிப் போகும்.

1930-களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மின்சாரக் கிதார் விற்பனைக்கு வந்துவிட்டது. கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். ஆம்ப்ளிபயரில் உள்ள வால்வுகள் அதைப் பல மடங்கு பெருக்கும். ஸ்பீக்கர் அதைத் திரும்ப ஓசையாக்கும். மின்சாரக் கிதாரில் பாதி வாத்தியம் கையில் இருக்கிறது என்றால், மறு பாதி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டி படும் பாடு கொஞ்சமல்ல. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். காரின் பின்பக்கத்தில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மேடு பள்ளத்தில் குலுங்கும். மணிக்கணக்கில் சூடு ஏறும். சனிக்கிழமை இரவு நடுக் கச்சேரியில் பெட்டி ஊமையானால் கிதார்காரருக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை.

லியோ பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாமான் முதலில் கெடுகிறது, எந்த இடத்தில் ஈயப் பற்று விட்டுப் போகிறது, எந்த மூலையில் மரம் பிளக்கிறது என்று கவனித்தார். மற்றவர்கள் செய்த தவறுகளை எல்லாம் தம் மேஜையிலேயே படித்துக்கொண்டார்.

மனைவியின் சம்பளம்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், டாக் காப்மன் என்ற நண்பரோடு கூட்டுச் சேர்ந்தார். இருவரும் மடியில் வைத்து வாசிக்கும் மின்சாரக் கிதாரையும் சிறிய ஆம்ப்ளிபயரையும் செய்து விற்றார்கள். தொழிலைப் பெரிதாக்கக் கடன் வாங்க வேண்டும் என்றதும் காப்மன் பயந்து விலகிக்கொண்டார். லியோ விலகவில்லை. 1946-ல் தனியாகத் தொழிலை நடத்த ஆரம்பித்தார்.

முதல் சில ஆண்டுகள் கையைக் கடித்தன. எஸ்தர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம்தான் குடும்பத்தைத் தாங்கியது.

லியோ மட்டும் பட்டறையை விட்டு நகரவில்லை. புதிய பெட்டி ஒன்றைச் செய்தால், அதை வாத்தியக்காரர்களிடம் கொடுத்துக் கச்சேரியில் வைத்துப் பார்க்கச் சொல்வார். அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்துவார். தமக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிக்கத் தெரிந்தவர்களின் பேச்சுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தார்.

பெட்டியின் ரகசியம்

அவர் செய்த பெட்டியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரு கை விரல்களைக் கோத்தது போல மரத்தின் மூலைகளை இணைத்தார். அதனால் பெட்டி எளிதில் பிளக்கவில்லை. பயணப் பெட்டிகளுக்கு ஒட்டும் கெட்டித் துணியை மேலே ஒட்டினார். தூக்கிச் செல்ல உறுதியான கைப்பிடி வைத்தார்.

உள்ளே இருந்தவை ரேடியோ கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வால்வுகள். எந்த இடத்தில் எந்த வால்வு என்பதை எழுதி உள்ளேயே ஒட்டினார். பின்பலகையைக் கழற்றினால் ஒவ்வொரு சாமானும் கைக்கு எட்டும். எந்தச் சிற்றூரிலும் ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் பழுது பார்த்துவிடலாம்.

இன்னொரு வசதியும் இருந்தது. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வயர்களைச் செருக இடம் வைத்தார். ஒன்றில் கிதார், மற்றொன்றில் மைக். தனித்தனியே வாங்க வசதியில்லாத இரண்டு பேர் ஒரே ஆம்ப்ளிபயரை வைத்துக் கச்சேரி முடிக்கலாம்.

எத்தனை வாட் வேண்டும்?

லியோ ஒரே அளவில் பெட்டி செய்யவில்லை. மாணவருக்கு ஒன்று, சிறு மண்டபத்துக்கு ஒன்று, பெரிய மண்டபத்துக்கு ஒன்று என்று வரிசையாகச் செய்தார். 1950-களின் கடைசியில் அவருடைய சாம்ப் என்ற சின்னப் பெட்டிக்குச் சக்தி சுமார் 5 வாட். அதில் 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. டீலக்ஸ் சுமார் 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பாஸ்மன் சுமார் 40 வாட், 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. டிவின் என்பது சுமார் 80 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு.

வாட் இரு மடங்கானால் சத்தமும் இரு மடங்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்கு ஆக வேண்டும்! வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் கொஞ்சம்தான் கூடும்.

அப்படியானால் பெரிய பெட்டி எதற்கு? சின்னப் பெட்டியைக் கடைசி வரை திருகினால் ஓசை கரகரக்கும். அந்தக் கரகரப்பே சிலருக்குப் பிடித்துப் போயிற்று. கரகரப்பு இல்லாமல் தெளிவாகவும் உரக்கவும் கேட்க வேண்டும் என்பவருக்குத்தான் அதிக வாட் தேவை. மற்றவர்கள் வீணாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய மண்டபத்தின் தேவையை லியோவுக்கு உணர்த்தியவர் டிக் டேல் என்ற இளைஞர். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாக் கடற்கரை மண்டபம் ஒன்றில் அவர் வாசித்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். அவர் வாசித்த வேகத்தில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போயின. லியோ சலித்துக்கொள்ளவில்லை. அதிகச் சக்தியும் 15 அங்குல ஸ்பீக்கரும் உள்ள ஷோமன் என்ற பெட்டி பிறந்தது.

லண்டனில் ஒரு கடை

பெண்டர் பெட்டிகள் கடல் கடந்து போனபோது விலை ஏறிவிட்டது. இங்கிலாந்தில் சாதாரணக் கிதார்காரரால் அவற்றை வாங்க முடியவில்லை. லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். அவர் டிரம் வாத்தியார். மலிவாக ஒரு பெட்டி வேண்டும் என்று இளைஞர்கள் அவரைக் கேட்டபடி இருந்தார்கள்.

1962-ல் மார்ஷலும் அவருடைய ஆட்களும் லியோவின் பாஸ்மன் பெட்டியை மாதிரியாக வைத்துக்கொண்டு, தங்கள் நாட்டில் கிடைத்த சாமான்களால் ஓர் ஆம்ப்ளிபயர் செய்தார்கள். மார்ஷல் என்ற பெயரும் உலகப் புகழ் பெற்றது. ரேடியோ கடைச் சாமான்களைக் கொண்டு லியோ புல்லர்டனில் செய்த அதே காரியம் லண்டனிலும் நடந்தது.

நோயும் விற்பனையும்

லியோ ஆம்ப்ளிபயரோடு நிற்கவில்லை. 1951-ல் டெலிகாஸ்டர், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிதார்கள் வந்தன. பெயரும் பணமும் குவிந்தன.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1950-களின் நடுவில் மூக்கு எலும்பறைகளில் கிருமி நோய் பற்றியது. பல ஆண்டுகள் வாட்டியது. இனிப் பிழைப்பது சந்தேகம் என்று நினைத்துத் தொழிலை விற்க முடிவு செய்தார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. 600 டாலர் கடனில் தொடங்கிய பயணம் அது!

விற்ற பிறகு வேறு டாக்டரிடம் போனார். நோய் குணமாகிவிட்டது! கம்பெனி மட்டும் கைவிட்டுப் போய்விட்டது.

லியோ ஓய்ந்து உட்காரவில்லை. பிற்பாடு மியூசிக்மன், ஜி அண்ட் எல் என்ற கம்பெனிகளில் மறுபடியும் பட்டறை மேஜையில் அமர்ந்தார். 1979-ல் எஸ்தர் காலமானார். மறு ஆண்டு பில்லிஸ் என்பவரை மணந்தார். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்த பிறகும் அவர் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

இன்று ஒரு விசித்திரம் நடக்கிறது. கூலிக்கு வாசிப்பவர்களுக்காக அவர் செய்த பழைய பெட்டிகளைப் பணக்காரர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். புதிதாகக் குழு தொடங்கும் ஏழை இளைஞருக்கு அவை எட்டாக் கனி.

ஆனால் லியோவின் வழி யாருக்கும் எட்டும். முதலில் மண்டபத்தைப் பார்க்க வேண்டும். சின்ன இடத்துக்குச் சின்னப் பெட்டி போதும். மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தால், சின்னப் பெட்டியின் முன்னால் ஒரு மைக் வைத்தாலே ஓசை கடைசி வரிசை வரை போகும். அடுத்து, ஒரே ஆள் தூக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பிறகு, கெட்டுப் போனால் உள்ளூரிலேயே பழுது பார்க்க முடியுமா என்று விசாரிக்க வேண்டும். குழு முழுவதும் வாசிக்கும்போது கிதார் தெளிவாகக் கேட்கிறதா என்று வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பெட்டியின் மேல் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தம் பெயரை உலகம் முழுவதும் பெட்டிகளில் எழுத வைத்த லியோ பெண்டர், ரிப்பேர் கடையில் கற்ற பாடம் இதுதான்.