தலைசுற்றலின் மூலம் தேடியவர்

படுக்கையிற் புரண்ட மாத்திரத்தே கூரையும் சுவரும் சுழல்வதுபோலத் தோன்றும், கண்கள் தாமாகவே துடிக்கும், குமட்டல் எழும். ஒரு நிமிடத்துள் யாவும் அடங்கும். தலையைத் திருப்பினால் மீண்டும் அதே சுழற்சி. பித்தமென்றும் பலவீனமென்றும் பலர் கருதும் இத்துன்பம் காதினுள்ளே பிறப்பது. அதனை ஆராய்ந்தோருள் தலையாயவர் றொபேட் பாரானி.

வியன்னா நகரில், யூதக் குடும்பமொன்றில், 1876 ஏப்ரல் 22 இல் ஆறு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். இளமையிலேயே எலும்பைப் பற்றிய சயரோகம் அவரது முழங்காலொன்றை நிரந்தரமாக விறைக்கச் செய்தது. அக்குறை அவரை முடக்கவில்லை. 1900 இல் வைத்தியப் பட்டம் பெற்று, பின்னர் பொலிற்சர் என்னும் பேரறிஞரின் காதுநோய்ச் சிகிச்சை நிலையத்திற் சேர்ந்தார்.

நோயாளரின் காதுகளைக் கழுவுவது அங்கு அவருடைய அன்றாடப் பணி. தண்ணீர் போதிய சூடின்றி இருந்தாலே தமக்குத் தலை சுற்றுகிறதென ஒரு நோயாளி முறையிட்டார். சூடான நீர் கொணரப்பட்டது. அது அளவுக்கு மிஞ்சிச் சூடாயிருந்தது. அப்போதும் தலை சுற்றியது. ஆனால் கண்களோ முன்னையதற்கு எதிர்த்திசையில் அசைந்தன! வேறொருவர் இதனைக் கவனியாது விட்டிருப்பர். பாரானி சிந்தித்தார். குளியலறைக் கொதிகலனிற் சூடேறிய நீர் மேலெழுவதும், குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் அவர் நினைவுக்கு வந்தன. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவமும் அவ்வாறே அசைகிறது; அவ்வசைவே உடல் சுழல்வதாக மூளையை மயக்குகிறது. இக்கண்டுபிடிப்பால், கத்தியின்றியே உட்காதின் நிலையைச் சோதிக்கும் வழி பிறந்தது.

1914 இல் உலகப் போர் மூண்டது. ஒஸ்திரியப் படையின் வைத்தியராகச் சென்ற பாரானி, பிஷெமிஷில் கோட்டை 1915 மார்ச்சில் வீழ்ந்தபோது ருஷ்யரிடம் சிறைப்பட்டு, மத்திய ஆசியாவிலுள்ள மேர்வ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தியை அவர் கேட்டது கைதியாக இருந்தபோதே! சுவீடன் நாட்டு இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக முயன்றதால் 1916 இல் விடுதலை பெற்று, ஸ்டொக்ஹோம் சென்று பரிசை ஏற்றார்.

தாய்நாடு மாலையிட்டு வரவேற்றதா? இல்லை. பிறர் ஆராய்ச்சிகளைத் தம்முடையன போலக் காட்டினாரென வியன்னாவின் சக வைத்தியர் சிலர் குற்றஞ் சாட்டினர். மனம் நொந்த பாரானி 1917 இல் சுவீடனின் உப்சாலா நகருக்குக் குடிபெயர்ந்தார். சுவீடன் நாட்டு அறிஞர் அவர் பக்கம் நின்றனர். அங்கேயே பின்னர் பேராசிரியரானார்.

1921 இல், தலையைச் சாய்க்கும்போது மட்டும் தோன்றும் தலைசுற்றலை ஓர் இளம் நோயாளியிடத்தே கண்டு விளக்கினார். புவியீர்ப்பை உணரும், நுண்ணிய சுண்ணாம்புத் துணிக்கைகள் நிறைந்த உட்காதுப் பகுதியிலேயே கோளாறு உள்ளதென எண்ணினார். அரைவாசி உண்மையை அவர் எட்டிவிட்டார். அத்துணிக்கைகள் இடம் பெயர்ந்து அரைவட்டக் கால்வாயினுள் வீழ்ந்து, தாம் முன்னர் விளக்கிய அதே திரவத்தை அசைக்கின்றன என்னும் மறுபாதியை அவர் காணவில்லை. அறுபதாவது பிறந்தநாளுக்குப் பதினான்கு நாட்களின் முன், 1936 ஏப்ரல் 8 இல், உப்சாலாவிற் காலமானார்.

மறுபாதி பின்வந்தோர்க்குக் கிட்டியது. 1952 இல் இலண்டனில் டிக்ஸ், ஹோல்பைக் என்னும் இருவர், தலையைத் திருப்பிச் சடுதியாகச் சாய்த்து நோயை உறுதிசெய்யும் முறையை வகுத்தனர். அமெரிக்க வைத்தியர் எப்ளி, வீழ்ந்த துணிக்கைகளைப் புவியீர்ப்பாலேயே வெளியேற்றலாமெனக் கண்டார். நோயாளியை இருத்தி, தலையை நோயுற்ற பக்கமாகத் திருப்பி, மல்லாத்தி, மறுபக்கம் திருப்பி, உடலையும் அப்பக்கம் உருட்டி, மீண்டும் எழுப்பி இருத்துவது அவர் முறை. மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிட வேலை. 1980 அளவில் அவர் இதனைச் செய்துகாட்டியபோது வைத்தியர் பலர் நம்ப மறுத்தனர். 1992 இல் அவரது கட்டுரை வெளிவந்தபின் உலகம் மெல்ல ஏற்றுக்கொண்டது.

பாரானி இச்சிகிச்சையைக் கண்டாரில்லை. ஆயினும் இன்று ஒரு வைத்தியர் நோயாளியின் தலையைத் தம் கைகளில் ஏந்தித் திருப்பும்போது, காதுகழுவிய நீரின் சூட்டைக் கவனித்த அந்த வியன்னா இளைஞனின் சிந்தனையும் அக்கைகளுக்கு வழிகாட்டுகின்றது.