சந்திரனும் விழுகின்றது

மரத்திலிருந்து பழம் விழுவதை மனிதன் ஆதிநாள் தொட்டுக் கண்டு வந்திருக்கின்றான்; சந்திரன் விழாதிருப்பதையும் கண்டு வந்திருக்கின்றான். விழுதல் மண்ணின் இயல்பு, வட்டமாய்ச் சுழலுதல் விண்ணின் இயல்பு என்று அரிஸ்டோட்டில் வழிவந்த ஐரோப்பிய அறிஞர் இரண்டுக்குமிடையே பெருஞ்சுவர் ஒன்றை எழுப்பி வைத்தனர். கலிலியோவும் கெப்ளரும் அச்சுவரிற் பிளவுகளை உண்டாக்கினர். அதனை முற்றாக வீழ்த்தியவர் ஐசாக் நியூற்றன்.

இங்கிலாந்தின் வூல்ஸ்தோப் என்னும் சிற்றூரில், அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி 1642ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று அவர் பிறந்தார். மகவின் முகங் காணுமுன்னரே தந்தையார் மறைந்தார். மூன்று வயதில் தாயாரும் மறுமணம் செய்து பிரிந்து செல்லப் பாட்டியாரே வளர்த்தார். தனிமை நாட்டமும் பிறரை எளிதில் நம்பாத இயல்பும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1661இல் கேம்பிறிஜ் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1665இற் கொள்ளைநோய் பரவப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய காலத்தில் அப்பிள் விழக்கண்டு சிந்தித்ததாக முதுமையில் அவரே நண்பர்க்குக் கூறியுள்ளார். அது தலையில் விழுந்ததென்பது பின்வந்தோர் கட்டிய கதை. மரத்தின் உச்சிவரை எட்டும் இழுவை சந்திரன்வரை எட்டாதோ என்பதே அவர் எழுப்பிய வினா.

எட்டுமாயின் சந்திரன் ஏன் விழவில்லை? விழுகின்றது என்பதே விடை. நேர்கோட்டில் விரைந்தோட முயலும் சந்திரனைப் பூமி கணந்தோறும் தன்பால் இழுக்க, அதன் வழி வளைந்து வட்டமாகின்றது. சந்திரனின் தூரம் பூமியின் ஆரையைப் போல் 60 மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப இழுவை குறையுமாயின், அங்கு அது 3600இல் ஒரு பங்காதல் வேண்டும். இங்கு கைவிட்ட கல் முதலாஞ் செக்கனில் 4.9 மீற்றர் விழுகின்றது. சந்திரனோ நேர்வழியினின்றும் செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர் விழுகின்றது. கணக்கு ஒத்துவருகின்றது.

ஆயின், இளமையில் அவர் ஒரு பாகைக்கு 60 மைல் எனக் கொண்ட பூமியின் அளவு பிழையானது. உண்மையில் அது 69 மைல். விடை அண்ணளவாகவே பொருந்தியது, தாளை ஒதுக்கிவைத்தார். 1672இல் வெளியிட்ட ஒளிபற்றிய கட்டுரை கிளப்பிய வாதங்களோ, எதனையும் வெளியிடவே அவரை அஞ்சச் செய்தன.

1684இல் எட்மண்ட் ஹலி என்னும் இளம் வானியலறிஞர் அவரைத் தேடி வந்தார். இத்தகைய இழுவைக்குட்பட்ட கோள் எவ்வடிவப் பாதையிற் செல்லும் என வினவினார். நீள்வளையம் என உடனே விடை வந்தது. கணித்த தாளோ தேடியும் அகப்படவில்லை. மீண்டும் எழுதித் தருவதாகச் சொன்ன வாக்கே பின்னர் 'பிரின்சிப்பியா' என்னும் பெருநூலாயிற்று. வர்க்கவிதியை முதலிற் சுட்டியவர் தாமே என றொபேட் ஹூக் உரிமை கோரியபோது, நியூற்றன் சினந்து மூன்றாம் பாகத்தையே நிறுத்தத் துணிந்தார். கோள்களையும் வற்றுப்பெருக்கையும் வால்வெள்ளிகளையும் ஒரே விதியால் விளக்கும் பாகம் அது. ஹலி பொறுமையுடன் அவரை இணங்கச் செய்தார்; றோயல் சங்கத்தின் பணம் மீன்கள் பற்றிய நூலொன்றிற் கரைந்திருந்தமையால், அச்சுச் செலவையும் தாமே ஏற்றார். 1687இல் நூல் வெளிவந்தது. ஹூக்குக்கு உரியதை மனமார வழங்காமை நியூற்றனின் வாழ்விற் படிந்த குறையே.

திணிவுள்ள ஒவ்வொரு பொருளும் மற்றெல்லாப் பொருள்களையும் ஈர்க்கின்றது என்பது அவர் கண்ட விதி. திணிவிற் பூமியின் 81இல் ஒரு பங்கான சந்திரனின் தரையில், ஆரையும் சிறிதாகையால், நம் நிறை ஆறில் ஒரு பங்காகின்றது. விண்வெளியில் ஈர்ப்பில்லை என மாணவர் பலர் எண்ணுவர். 400 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் விண்ணிலையத்திலும் பூமியின் ஈர்ப்புப் பத்தில் ஒன்பது பங்களவு உண்டு. அங்குள்ளோர் மிதப்பது நிலையத்தோடு சேர்ந்து ஓயாது விழுவதனாலேயாம். மலையுச்சிப் பீரங்கியினின்று போதிய விரைவுடன் எறிந்த குண்டு பூமியைச் சுற்றிவரும் என நியூற்றன் கற்பனையிற் கண்டது இதனையே.

ஈர்ப்பின் காரணம் யாதெனத் தாம் அறியார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்ரைன் புதிய விளக்கம் தந்தார். எனினும் விண்கலங்களின் பயணக் கணிப்புக்குப் பெரும்பாலும் நியூற்றன் விதியே இன்றும் போதுகின்றது.

1727இல் நியூற்றனும் 1742இல் ஹலியும் மறைந்தனர். 1682இற் கண்ட வால்வெள்ளி மீண்டும் வருமென ஹலி அவ்விதிகொண்டு கணித்திருந்தார். 1758ஆம் ஆண்டு நத்தார் இரவில் அது வானிற் தென்பட்டது.